புறக்கணிக்கத்தக்க ஓர் எச்சரிக்கை: மெய்நிகர்ப் பொறிகளின் உருமாற்றம் பற்றிச் சில குறிப்புகள்

கணினித் திரையிலே தோன்றி மறையும் எச்சரிக்கைகளை இலக்கிய ஆய்வாளர் தமது ஆய்வுப்பொருளாகக் கொள்வது வழமையன்று. அவற்றை எழுதியவர் பெயர் அங்கு இடம்பெறுவதில்லை. அவை நடைச்சிறப்பு எதனையும் வேண்டிநிற்பதில்லை. படிக்கவேண்டியவர்களும் பெரும்பாலும் படியாமலே தாண்டிச் செல்வர். எனினும் எழுத்து என்பது குறிப்பிட்ட சமூக உறவுகளின் நடுவே, குறிப்பிட்ட தேவையொன்றை நிறைவுசெய்யும்பொருட்டு, குறிப்பிட்ட மனிதரால் ஆக்கப்படுவது என்னும் அடிப்படையை நாம் ஏற்றுக்கொள்வோமாயின், இவ்வெச்சரிக்கைகளும் எழுத்தே என்பதை மறுத்தல் அரிது. இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய எழுத்துத் துணுக்கு ஒன்றினையே.

அது எம் பார்வைக்கு வந்த சந்தர்ப்பத்தை முதலிற் கூறிவிடுதல் நன்று. கல்வி நிறுவனமொன்றின் பழைய கணினிகள் சில, மெய்நிகர்ப் பொறிகளாக மாற்றப்பட்டு ஒரே சேவையகத்தில் நெடுங்காலமாக இயங்கிவந்தன. அவற்றை விலைகொடுத்து வாங்கிய மென்பொருளிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்குப் பெயர்க்கவேண்டிய நிலை தோன்றியது. அவற்றுள் இரண்டொன்றில் எமது ஆய்வுக் குறிப்புகளும் இருந்தமையால், அப்பணியில் ஈடுபட்டிருந்த தொழில்நுட்ப உதவியாளர் ஓரிரவு பதினொரு மணியளவில் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “சேர், ஒரு வோர்னிங் வருகுது. புறக்கணிக்கலாம் எண்டும் அதிலயே போட்டிருக்கு. புறக்கணிக்கலாமோ?” என்று வினவினார். எம்மிடம் விடையில்லை. பின்னர் வந்த வாரங்களில் அவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவே இக்குறிப்புகள். நாம் கணினித் துறை சார்ந்தோர் அல்லர். ஆயினும் இங்கு கூறப்படுவன எவரும் திறந்து பார்க்கத்தக்க மூலநிரலையும் கையேட்டையும் துணையாகக் கொண்டவை.

மெய்நிகர்ப் பொறி என்பது யாது? கணினியொன்றின் செயலி, நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு அட்டை ஆகியவற்றை மென்பொருளின் துணைகொண்டு பாவனைசெய்து, அப்பாவனைக் கணினியினுள்ளே முழுமையான இயக்க முறைமையொன்றை ஓடவிடுதலே அது. உள்ளே ஓடும் விண்டோசோ லினக்சோ, தான் உண்மையான பொறியொன்றின்மீது ஓடுவதாகவே கொண்டு தொழிற்படும். அது வன்தட்டு என்று கருதி எழுதுவதும் வாசிப்பதும் வெளியிலிருந்து நோக்குமிடத்து ஒரு பெரிய கோப்பு மாத்திரமே. தாங்கும் பொறியை விருந்தோம்பி என்றும் உள்ளே ஓடுவதனை விருந்தினர் என்றும் அத்துறையினர் வழங்குவர். தான் விருந்தினர் என்பதையே பல வேளைகளில் அறியாத விருந்தினர் இவர் என்பது இச்சொற்றெரிவின் சுவை.

இதன் தோற்றம் பொருளாதாரத் தேவையிலிருந்து பிறந்தது. 1960களிலே ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் ஐ.பி.எம். கம்பனி நடத்திய விஞ்ஞான நிலையத்தில், சிபி-40, சிபி-67 என்னும் முறைமைகள் உருவாயின. பெருங்கணினியின் விலை மிகையாயிருந்த அக்காலத்தில், ஒரே பொறியைப் பலர் தத்தமக்குரிய தனிப்பொறிபோலப் பயன்படுத்துவதற்கு அவை வழிகோலின. 1972இல் விஎம்/370 என்னும் பெயருடன் அது அக்கம்பனியின் வணிகப் பொருளாயிற்று. சிறு கணினிகள் மலிந்தபோது அத்தேவை மங்கியது. ஆனால் மலிந்த கணினிகள் நூற்றுக்கணக்கில் குவிந்து, அவற்றிற் பெரும்பாலானவை தம் ஆற்றலில் சிறு பகுதியையே பயன்படுத்திக் கிடந்தபோது, பழைய உத்தி புதிய நியாயத்தோடு மீண்டது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வெயார் கம்பனி அதனைச் சாதாரணக் கணினிகளுக்கு உரியதாக்கி அத்துறையின் தலைமையிடத்தைப் பெற்றது. 2007இல் கேவிஎம் எனப்படும் மெய்நிகராக்க வசதி லினக்ஸ் கருவின் பகுதியாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின், விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் இன்றியும் மெய்நிகர்ப் பொறிகளை நடத்துதல் இயல்வதாயிற்று.

இயல்வது வேறு, நிகழ்வது வேறு. நிறுவனங்கள் விஎம்வெயாரிலே தங்கிவிட்டன. அவற்றைப் பெயர்த்தது தொழில்நுட்பக் காரணமன்று. உடைமை உறவில் நேர்ந்த மாற்றமே. 2023 நவம்பரில் புறோட்கொம் என்னும் பெருங்கம்பனி விஎம்வெயாரைத் தன்வசமாக்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கி விரும்பும் காலம்வரை பயன்படுத்தும் முறை ஒழிந்து, காலத்துக்குக் காலம் சந்தா செலுத்தும் முறை மட்டுமே எஞ்சியது. அரசியற் பொருளாதாரத்தின் சொற்களிற் கூறுவதாயின், பண்டமாக விற்கப்பட்டது குத்தகை நிலமாயிற்று. இலாபம் என்னும் வடிவம் வாரம் என்னும் வடிவத்துக்கு இடமளித்தது. நிலவுடைமையாளனைப் போல, உடைமையாளன் புதிதாக எதனையும் ஆக்கித்தரவேண்டியதில்லை. வேலியைத் திறந்து மூடும் உரிமையே வருவாயாகிறது. செலவைத் தாங்கமாட்டாத கல்வி நிறுவனங்களும் சிறு அமைப்புகளும் வேறிடம் தேடத் தலைப்பட்டன. இவ்விடப்பெயர்வின் கருவிகளுள் முதன்மையானது விர்ட்-வி2வி. மெய்நிகரிலிருந்து மெய்நிகருக்கு என்பதன் சுருக்கமே இப்பெயர்.

விர்ட்-வி2வியின் முதல் வடிவத்தை றெட் ஹற் கம்பனியைச் சேர்ந்த மத்தியூ பூத் என்பார் பேர்ள் மொழியில் ஆக்கினார். 2014இல் அதே கம்பனியின் றிச்சட் ஜோன்ஸ் என்பார் ஓகாமல் மொழியில் அதனை மீள எழுதினார். மூலநிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் எவருக்கும் திறந்துள்ளது. அது செய்யும் பணி வெறும் பிரதியெடுத்தல் என்று எண்ணுதல் தவறு. ஒரு பொறியின் வன்தட்டுக் கோப்பை அப்படியே புதிய விருந்தோம்பியிடம் கொண்டுசென்று இயக்கினால், அது பெரும்பாலும் எழாது; எழுந்தாலும் முடம்பட்டே நடக்கும். விருந்தினர் அறிந்திருந்த வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் வலையமைப்பு அட்டையும் அங்கில்லை, வேறு உண்டு. எனவே கருவியானது விருந்தினரின் வன்தட்டை உள்ளிருந்து திறந்து, அங்கு நிறுவப்பட்டிருக்கும் முறைமை யாதெனக் கண்டறிந்து, புதிய சூழலுக்குரிய இயக்கிகளை இட்டு, பழையனவற்றை அகற்றி, தொடக்க ஒழுங்கைத் திருத்தியமைக்கிறது. இவ்வளவும் மூலத்தின்மீது நிகழ்வதில்லை என்பது கவனிக்கற்பாலது. மூலத்தின்மேல் மெல்லிய மேலடுக்கு ஒன்று விரிக்கப்பட்டு, மாற்றங்கள் யாவும் அவ்வடுக்கிலேயே எழுதப்படும். இடையில் ஏதேனும் தவறினும் பழைய பொறி தீண்டப்படாமலே இருக்கும்.

இப்பணியின்போது கருவி தன் பயனாளரோடு மூவகையாகப் பேசுகிறது. சாதாரணச் செய்தி பணியின் போக்கைத் தெரிவிக்கும். பிழை என்பது பணியையே நிறுத்திவிடும். உதாரணமாக, முறையாக அணைக்கப்படாமல் உறங்குநிலையில் விடப்பட்ட விண்டோஸ் பொறியைக் கொடுத்தால், அதன் கோப்பு முறைமையில் எழுதவியலாது என்று கூறிக் கருவி நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எச்சரிக்கை. அது கூறவேண்டியதைக் கூறிவிட்டுப் பணியைத் தொடரும். நிறுத்துவதா தொடர்வதா என்னும் முடிவைப் பிழை தானே எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கையோ தொடர்வது என்று முடிவெடுத்துவிட்டு, அதன் பொறுப்பிற் பாதியை வாசகரின் தலையில் இறக்கிவைக்கிறது. எச்சரிக்கை என்னும் எழுத்து வடிவத்தின் உள்ளார்ந்த முரண்பாடு இதுவே.

உதவியாளர் கண்ட எச்சரிக்கையின் சாரம் பின்வருமாறு: இன்ன கோப்பு முறைமையில் எஃப்எஸ்ட்ரிம் என்னும் செயல் தோல்வியுற்றது, வழமையாக இச்செய்தியை நீங்கள் புறக்கணிக்கலாம், மேலும் அறிய விரும்பின் கையேட்டின் இன்ன பகுதியைக் காண்க. இதனைத் தொடர்ந்து, கீழ்நிலையிலிருந்து எழுந்த மூலப் பிழைச்செய்தி அப்படியே இணைக்கப்பட்டிருக்கும்.

எஃப்எஸ்ட்ரிம் செய்வது என்ன என்பதை விளங்கிக்கொள்வதற்கு, கணினியில் ‘அழித்தல்’ என வழங்குவதன் இயல்பை அறிதல் வேண்டும். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் அழிவதில்லை. நூலகத்தின் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு நூலின் அட்டை நீக்கப்படுகிறது. நூல் அலுமாரியிலேயே இருக்கிறது. அவ்விடத்தில் வேறு நூலை வைக்கலாம் என்னும் அனுமதி மட்டுமே பிறந்துள்ளது. வேறு நூல் வைக்கப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். கோப்பு முறைமை எவ்விடங்கள் வெறுமை என்பதை அறியும். அதன்கீழுள்ள வன்தட்டு அறியாது. எனவே வன்தட்டை முழுமையாகப் பிரதியெடுப்பவர், வெறுமையெனக் கருதப்படும் இடங்களையும் அவற்றிற் கிடக்கும் பழைய எழுத்துகளையும் சேர்த்தே சுமக்க நேரிடும். ட்ரிம் என்னும் கட்டளை இவ்விடைவெளியை நிரப்புவது. திண்மநிலைத் தட்டுகளின் தேவையை ஒட்டிப் பிறந்த அது, மேலுள்ள முறைமை ‘இன்னின்ன இடங்கள் எனக்கு வேண்டா’ எனக் கீழே அறிவிக்கும் வழியாகும். விர்ட்-வி2வி இதனைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. பிரதியெடுப்பதற்கு முன்னர், மேலடுக்கிலே எஃப்எஸ்ட்ரிம் நிகழ்த்தி, வெறும் இடங்களைக் கழித்துவிடுகிறது. 40 கிகாபைற் வன்தட்டில் 11 கிகாபைற் மாத்திரமே பயன்பாட்டில் இருப்பின், 11 மாத்திரம் பயணம் செய்தாற் போதுமானது. செயல் தோல்வியுற்றால் 40உம் பயணம் செய்யவேண்டி வரலாம். பணி தடைப்படாது, நேரமே கூடும். புறக்கணிக்கலாம் என்று எழுதியவரின் நியாயம் இதுதான்.

அது ஏன் தோல்வியுறுகிறது? இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். ஏனெனில் இங்கு வெளிப்படுவது தொழில்நுட்பத்தின் வரலாறே.

கையேடு தரும் காரணங்களுள் ஒன்று, விஸ்டாவுக்கு முந்திய விண்டோஸ் பதிப்புகளின் வன்தட்டுப் பிரிவுகள் ‘வரிசைப்படாதவை’ என்பது. அப்பதிப்புகள் தமது முதலாவது பிரிவை 63ஆவது செக்டரில் தொடங்கின. ஏன் 63? பழைய கணினிகளின் அடிப்படை நிரல், வன்தட்டில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு உருளை, தலை, செக்டர் என்னும் மூன்று எண்களைப் பயன்படுத்தியது. செக்டருக்கு ஒதுக்கப்பட்டவை 6 இருமஎண்கள். எண்ணுதல் 1இலிருந்து தொடங்கியமையால் ஒரு தடத்தில் ஆகக்கூடியது 63 செக்டர்கள். முதலாவது தடம் தொடக்கப் பதிவுக்கென ஒதுக்கப்பட, இரண்டாவது தடத்தின் தொடக்கத்தில், அதாவது சுழியத்திலிருந்து எண்ணுமிடத்து 63ஆவது செக்டரில், முதலாவது பிரிவு தொடங்கிற்று. செக்டர் ஒன்று 512 பைற் எனின் அது 32,256ஆவது பைற். கோப்பு முறைமையோ பொதுவாக 4,096 பைற் கொண்ட கட்டங்களாக எழுதும். 32,256ஐ 4,096 ஆல் வகுத்தால் 7.875. ஆகவே கோப்பு முறைமையின் ஒவ்வொரு கட்டமும் கீழுள்ள தட்டின் இரு கட்டங்களின்மேல் சரிந்து கிடக்கும். ‘இக்கட்டம் வேண்டா’ என்று மேலிருந்து கூறும்போது, கீழுள்ள கட்டமொன்றின் எட்டில் ஒரு பங்கு இவருக்கும் எஞ்சியது அயலவருக்கும் உரியதாகிவிடுகிறது. எனவே செயல் மறுக்கப்படுகிறது. விஸ்டாவும் அதன் பின்வந்தவையும் 2048ஆவது செக்டரில் தொடங்கியமையால் இச்சிக்கல் ஒழிந்தது.

மெய்நிகர் வன்தட்டிலே சுழலும் தட்டு இல்லை, தடம் இல்லை, தலையும் இல்லை. அது ஒரு கோப்பு. எனினும் அக்கோப்பினுள்ளே, மறைந்துபோன இயந்திரத்தின் வடிவியல் 63 என்னும் எண்ணாக எஞ்சி நின்று, இன்றைய தொழிலாளி ஒருவரின் இரவுப் பணியிலே குறுக்கிடுகிறது. பொருளாதார அடித்தளம் மாறிய பின்னரும் மேற்கட்டுமானத்தின் வடிவங்கள் நெடுங்காலம் எஞ்சி நின்று புதிய வாழ்வைப் பாதிக்கும் என்பதை நாம் இலக்கிய வரலாற்றில் அடிக்கடி காண்கிறோம். அதனை இத்துணைத் துல்லியமாக, பைற் கணக்கில் அளந்து காட்டும் எடுத்துக்காட்டு எமக்கு வேறு கிட்டவில்லை.

மற்றைய காரணம் விஃபற் கோப்பு முறைமை. 1970களின் பிற்பகுதியில் நெகிழ்வட்டுகளுக்கென எழுந்த ஃபற் வடிவத்தின் வழித்தோன்றல் அது. இன்றைய கணினிகளின் தொடக்க நிரல்கள் வைக்கப்படும் சிறு பிரிவு இன்றும் அவ்வடிவத்திலேயே அமைகிறது. லினக்ஸ் கருவில் அவ்வடிவத்துக்கு ட்ரிம் வசதி நெடுங்காலம் இருக்கவில்லை. ஆதலின் அத்தகைய பொறிகளை உருமாற்றும்போது எச்சரிக்கை தவறாது தோன்றியது. 2018இல் கருவின் 4.19ஆம் பதிப்பில் அவ்வசதி சேர்க்கப்பட்டது. அதனைச் சேர்த்தவர்களுக்கு இவ்வுருமாற்றக் கருவியோடு தொடர்பு இருந்திருக்கவேண்டிய அவசியமில்லை. ஓரிடத்தில் தோன்றும் எச்சரிக்கையின் காரணம் வேறோரிடத்தில், வேறொருவரின் உழைப்பால் நீங்குகிறது. உழைப்பின் சமூகத்தன்மை என்று மார்க்ஸ் விளக்கியதன் சிறிய, ஆயின் தெளிவான உதாரணம் இது.

இனி, இவ்வெச்சரிக்கையைச் ‘சரிசெய்தல்’ என்பதன் பொருள் யாது? மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது ஒரு சில வரிகளில் முடியும் வேலை. வாக்கியத்தையே நீக்கிவிடலாம். அல்லது விரிவான பதிவு வேண்டுமென்று கேட்பவருக்கு மாத்திரம் காட்டலாம். இரண்டாவது வழி அம்மூலநிரலிலேயே வேறோரிடத்தில் கையாளப்பட்டுள்ளது. ட்ரிம் செய்யும்பொருட்டு ஒரு கோப்பு முறைமையைத் திறக்கமுடியாமற்போகும்போது எழும் செய்தி, பிழைதேடும் நிலையில் மட்டுமே வெளிப்படும். வேறு நிலைகளில் அது மன உளைச்சலை உண்டாக்குகிறது என்பதே காரணமென நிரலாளர் அருகிலே குறிப்பு எழுதிவைத்துள்ளார். பயனாளரின் உளைச்சல் நிரலுக்குள்ளே ஒரு நியாயமாகப் பதிவுபெறுவது எமது மதிப்புக்குரியது. நள்ளிரவில் விளக்கொளியின்கீழ் ஒருவர் தனியே அமர்ந்து அவ்வாக்கியத்தைப் படிக்கிறார் என்பதை எழுதியவர் உணர்ந்திருக்கிறார் அல்லவா? நமது விமரிசகர் பலரிடம் இவ்வுணர்வைக்கூட நாம் எதிர்பார்க்க முடிவதில்லை.

ஆயினும் மௌனம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. மௌனத்தை ஆதரிப்போரின் வாதத்திலும் வலுவுண்டு. நூறு பொறிகளை ஒருங்கே உருமாற்றும்போது, தீங்கற்ற எச்சரிக்கைகள் பக்கம்பக்கமாக வந்து குவியுமாயின், தீங்குள்ள ஒன்று அவற்றிடையே மறைந்துபோகும். அதே கருவி, விருந்தினரின் விண்டோஸ் பதிப்புக்குரிய இயக்கிகள் இல்லாதபோது, மெதுவாக இயங்கும் பாவனைச் சாதனங்களே பயன்படுத்தப்படும் என்று எச்சரிக்கிறது. ட்ரிம் தோல்வியின் இழப்பு ஓரிரவின் சில மணி நேரம். இயக்கியின்மையின் இழப்பு அப்பொறியின் எஞ்சிய ஆயுள் முழுவதும் தொடர்வது. இவ்விரண்டும் ஒரே தலைப்பின்கீழ், ஒரே தொனியில் ஒலிக்கின்றன. புறக்கணிக்கலாம் என்று பலமுறை கூறப்பட்டவர், கூறப்படாததையும் புறக்கணிக்கப் பழகிவிடுவார். வாசகரை வாசியாமைக்குப் பயிற்றும் எழுத்து என இதனைக் கூறலாம்.

எமது கருத்துவேறுபாடு வேறிடத்திற் பிறக்கிறது. ‘வழமையாகப் புறக்கணிக்கலாம்’ என்னும்போது, எந்த அளவுகோலால் இது புறக்கணிக்கத்தக்கது என்னும் வினா எழவேண்டும். மூலநிரலும் கையேடும் கூறும் அளவுகோல் வேகம். ட்ரிம் என்பது அங்கு காலத்தை மிச்சப்படுத்தும் உத்தி. எனவே அதன் தோல்வி காலநட்டம் மாத்திரமே. கருவியை ஆக்கியோரின் நிலையிலிருந்து இது முற்றிலும் நியாயமானது. ஆனால் மேலே நாம் கூறிய நூலக உவமையை நினைவுகூர்க. ட்ரிம் செய்யப்படாத இடங்களோடு பயணம் செய்வன வெறுமையல்ல. அவை அழிக்கப்பட்டவை. உதவியாளரின் கையிலிருந்த பழைய பொறியொன்று விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கியது. அதன் பிரிவு 63ஆவது செக்டரில் தொடங்கியது. ஒரு காலத்தில் மாணவர் விண்ணப்பங்களும் புள்ளிப் பட்டியல்களும், நிதியுதவி வேண்டி எழுதப்பட்ட குடும்ப வருமான விபரங்களும் அதில் இருந்தன. தேவை முடிந்தபின் அவை அழிக்கப்பட்டன. அழித்தவர் தம் கடமையைச் செய்ததாகவே கருதியிருப்பார். உருமாற்றத்தில் அவை, அழிக்கப்பட்ட நிலையிலேயே, புதிய வன்தட்டுக் கோப்புக்குள் குடிபெயர இருந்தன. அக்கோப்பைப் பின்னர் எவரேனும் பிரதிசெய்து பயிற்சிக்கென்றோ வேறு தேவைக்கென்றோ கொடுப்பாராயின், மீட்டெடுக்கத் தெரிந்தவருக்கு அவை கிட்டும். ஏழை மாணவர் ஒருவரின் தந்தை எவ்வளவு உழைத்தார் என்பதை அறியும் உரிமை அவருக்கு இல்லை.

ஆக, ஒரே தோல்வி ஒரு பிரிவில் புறக்கணிக்கத்தக்கதாயும் மற்றொன்றில் புறக்கணிக்கத்தகாததாயும் அமைகிறது. தொடக்க நிரல்கள் மட்டுமே உள்ள விஃபற் பிரிவில் எவருடைய கண்ணீரும் இல்லை. அங்கு அதனை அடக்கிவிடுதலே தக்கது. கோப்பு முறைமையின் வகையை முன்கூட்டியே நோக்கி, தோல்வி எதிர்பார்க்கத்தக்கதாயும் விளைவு அற்றதாயும் உள்ளவிடத்து மௌனம் காத்தல் என்னும் திருத்தம் சிறியதும் பயனுள்ளதுமாகும். ஏனைய இடங்களில் வேண்டப்படுவது மௌனமன்று, வேறு சொற்கள். ‘இப்பிரிவின் பயன்படாத இடங்களும் அவற்றில் எஞ்சியுள்ள அழிக்கப்பட்ட தரவுகளும் பிரதியில் சேரலாம்; பணி மெதுவாகலாம்’ என்று எழுதினால், நிறுத்துவதா தொடர்வதா என்று தீர்மானிக்கவேண்டியவருக்கு அதற்கான பொருள் கிட்டும். புறக்கணிக்கலாமா என்பதை அவரே கூறிக்கொள்ளட்டும். இருந்த வாக்கியத்தின் நேர்மையையும் இங்கு பதிவுசெய்தல் வேண்டும். கையேட்டின் பகுதியைச் சுட்டியும் மூலச் செய்தியை மறையாது இணைத்தும், வாசகர் தாமே மேலும் அறியும் வழியை அது திறந்தே வைத்திருந்தது. வணிக மென்பொருள்களில் நாம் காணும் ‘ஏதோ தவறு நேர்ந்துள்ளது’ என்னும் வாய்ப்பாட்டோடு ஒப்பிடின் அது எவ்வளவோ மேலானது.

இத்தகைய சிறு திருத்தங்களை யார் செய்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. கட்டற்ற மென்பொருள் பற்றி நம்மிடையே நிலவும் கற்பனாவாதப் படிமமொன்று உண்டு: ஆர்வலர்கள் ஓய்வுநேரத்தில் பொதுநலம் கருதி ஆக்குவது என்பதே அது. விர்ட்-வி2வியின் பெரும்பகுதியை எழுதியோர் றெட் ஹற் கம்பனியின் சம்பளம் பெறும் ஊழியர். அக்கம்பனியை 2019இல் ஐ.பி.எம். சுமார் 34 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. 1960களில் மெய்நிகர்ப் பொறியை ஈன்ற கம்பனியிடமே, அதனைப் பெயர்த்தெடுக்கும் கருவியும் ஒருவகையில் வந்து சேர்ந்துள்ளது. விஎம்வெயாரைவிட்டு வெளியேறுவோர் தனது சொந்த மெய்நிகராக்கத் தளத்துக்கு வரவேண்டும் என்பது றெட் ஹற்றின் நலன். அத்தளமும் சந்தா முறையிலேயே விற்கப்படுகிறது. ஒரு நிலக்கிழாரின் வேலியை மற்றொருவர் பிரித்துக் கொடுப்பதில் வியப்பொன்றுமில்லை.

ஆனால் இதனோடு நிறுத்திக்கொள்ளுதல் இயந்திரப் பாங்கான விளக்கமாகிவிடும். எந்நோக்கத்துடன் ஆக்கப்படினும், உரிமத்தின் வன்மையால் அக்கருவி கம்பனியின் எல்லையைத் தாண்டிச் செல்கிறது. எமது உதவியாளர் எவருக்கும் சந்தா செலுத்தவில்லை. எவரிடமும் அனுமதி கேளாமலே மூலநிரலைத் திறந்து, எச்சரிக்கை எவ்வரியிலிருந்து பிறக்கிறது என்று எமக்குக் காட்டினார். நிரலாளரின் குறிப்பையும் அவரே வாசித்துக் காட்டினார். உற்பத்திச் சாதனத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு உழைப்பவரிடம் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அவ்விரவில் நாம் கண்டோம். அவ்வாய்ப்பு இருந்தும், அதனைப் பயன்படுத்தும் நேரம் அவருக்கு அலுவலக வேளைக்குப் பின்னரே கிட்டியது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். அவருடைய மேலதிக நேரம் எக்கணக்கிலும் பதியப்படவில்லை.

எக்ஸ்பிப் பொறியைப் பொறுத்தவரை அவர் பின்வருமாறு செய்தார். உருமாற்றத்தை நிறுத்தி, பழைய பொறியை மீள இயக்கி, அதன் உள்ளிருந்தே வெற்றிடம் முழுவதையும் சுழியங்களால் நிரப்பினார். நூலகத்தின் வெற்றுத் தட்டுகளிற் கிடந்த அட்டையற்ற நூல்கள் யாவும் அதனால் வெள்ளைத்தாள்களாயின. சுழியங்கள் மாத்திரம் கொண்ட இடங்களை உருமாற்றக் கருவி இனங்கண்டு விட்டுவிடும்; எனவே ட்ரிம் நிகழாவிடினும் அவை புதிய கோப்பில் இடம்பிடிப்பதில்லை. அவ்வேலை மூன்று மணி நேரம் எடுத்தது. விடியற்காலையில் உருமாற்றத்தை மீண்டும் தொடங்கினார். பிரிவு இப்போதும் 63ஆவது செக்டரிலேயே தொடங்கியது. எஃப்எஸ்ட்ரிம் இப்போதும் தோல்வியுற்றது. அதே எச்சரிக்கை, ஒரு சொல்லும் மாறாமல், திரையிலே தோன்றியது. இம்முறை அவர் எம்மை அழைக்கவில்லை.